இருநூற்றுப் பன்னிரண்டாவது ஹோம் ரன்

குவாசுமால் ஆலைக் குடியிருப்பு,
8 ஜனவரி 1984

மச்சான் எர்மோ,

உறையைத் திருப்பிப் பார்த்து யார் என்று தெரிந்துகொண்டிருப்பாய். நான்தான், அன்செல்மோ. ஆசைப்பட்டு எழுதவில்லை. ஒரு வேலை ஆகவேண்டியிருக்கிறது, எழுதுகிறேன்.

நம் ஆலை மைதானத்து வாசல் சுவருக்குப் புதிதாக வெள்ளை அடித்திருக்கிறார்கள். சர்க்கரை ஆலைகளின் பேஸ்பால் லீக்கில் அதிகம் ஹோம் ரன் அடித்தவர்கள் பெயரை அதில் பெரிதாக எழுதப்போகிறார்களாம். பத்துப் பெயர். முதலில் நான், இருநூற்றுப் பன்னிரண்டு. அடுத்து நம் குடியிருப்பிலேயே இருந்துகொண்டு சபானா லார்கா ஆலைக்கு ஆடிய சிரிலோ மொந்தாஸ், இருநூற்றுப் பதினொன்று. மிச்ச எட்டுப் பேரும் எங்கேயோ பின்னால் வருகிறார்கள்.

இதற்கு ஒரு கமிட்டி, கமிட்டிக்கு ஒரு செயலாளர். ஃபௌஸ்த்தோ என்று பெயர். நான் மட்டை பிடித்த காலத்தில் அவன் அப்பனுக்கே மீசை முளைக்கவில்லை. என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "பெரியவரே, எல்லா வருஷத்துக்கும் ஸ்கோர் நோட்டு கெடச்சிருச்சு. அம்பத்தொம்பது மட்டும் இல்ல. அது இல்லாம உங்க நம்பரை எழுத முடியாது" என்றான்.

"அட, ஊரே பார்த்துச்சுய்யா! என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஆலை வாசல் வரைக்கும் போனாங்க!"

"ஊரை ஃபைல்ல வைக்க முடியாதே" என்கிறான்.

அந்த நோட்டு உன்னிடம்தான் இருக்கிறது. லீக்குக்கு இருபது வருஷம் ஸ்கோர் எழுதியவன் நீ. மகனிடம் நியூயார்க் போகும்போது நல்ல சட்டைகளை விட்டுவிட்டு நோட்டுகளைத் தூக்கிக்கொண்டு போனவனும் நீதான். நோட்டை அனுப்பவேண்டாம், தபாலில் தொலைத்துவிடுவார்கள். கையெழுத்துப் போட்டு இரண்டு வரி அனுப்பு. அன்செல்மோ ஃபிப்ஸ், இருநூற்றுப் பன்னிரண்டு. அவ்வளவுதான். மார்ச் மாதக் கடைசியில் திறப்பு விழா.

ஒத்திலியாவின் கல்லறையைச் சுற்றிப் புல் பிடுங்கிச் சுண்ணாம்பு அடித்தேன். நீ கேட்கமாட்டாய், நானே சொல்லிவிடுகிறேன். பெண்டாட்டிக்கு ஒன்பது நாள் ஜெபம் நடக்கும்போது ஆறாம் நாளே பெட்டியைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறிய புருஷன் இந்த ஊரில் நீ ஒருவன்தான். மூன்று வருஷமாகியும் ஊர் வாயை மூடவில்லை. என் தங்கைக்காக நான் பதில் சொல்லிச் சொல்லி அலுத்து, இப்போது விட்டுவிட்டேன்.

இரண்டு வரி. மறந்துவிடாதே.

அன்செல்மோ


பிராங்க்ஸ், நியூயார்க்,
29 ஜனவரி 1984

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு,

எர்மோஹெனெஸ் எழுதுவது. நீங்கள் கேட்ட இரண்டு வரியை எழுத உட்கார்ந்து பத்து நாள் ஆகிறது. இங்கே பனி. மகன் எவாரிஸ்த்தோ இரண்டு ஷிப்ட் வேலை பார்த்துவிட்டு வந்து ஷூவோடு தூங்கிவிடுகிறான். நான் ஜன்னலோரம் உட்கார்ந்து பஸ்களை எண்ணுகிறேன். எண்ணிப் பழகிய மனுஷன், வேறு என்ன செய்வேன்.

அந்த இரண்டு வரியை என்னால் எழுத முடியாது மச்சான். காரணம் உங்களுக்குத் தெரிந்ததுதான். ஆனாலும் இந்தக் கடிதம் நாளை கமிட்டியார் கையில் போகலாம் என்பதால் முறையாகச் சொல்லிவிடுகிறேன்.

குவாசுமால் மைதானத்தில் நடுக்களத்துக்குப் பின்னால் சுவர் கிடையாது. கரும்புதான் சுவர். பந்து கரும்புக்குள் போனால் ஹோம் ரன். கரும்பை வெட்டிவிட்டால் எல்லை பின்னால் ரயில் தண்டவாளத்துக்குப் போய்விடும். எந்த நாளில் எது எல்லை என்று அடிதடி வரக்கூடாது என்பதற்காக லீக் ஒரு விதி வைத்திருந்தது: அந்தக் கரும்புப் பாத்தியில் கத்தி பட்ட அன்று, ஆட்டம் தொடங்கும் முன்னால், ஆலையின் எடைக் குமாஸ்தா கம்பத்தில் வெள்ளைக் கொடி கட்டவேண்டும். கொடி இல்லையென்றால் கரும்பு நிற்பதாகவே அர்த்தம். எடைக் குமாஸ்தா நான். மாவுப் பையைப் பிரித்துத் தைத்த அந்தக் கொடி என் வீட்டில்தான் இருக்கும்.

1959 மார்ச், கடைசி ஆட்டம். நீங்களும் சிரிலோவும் ஆளுக்கு இருநூற்றுப் பதினொன்று. அந்த வருஷத்தோடு இரண்டு பேருமே மட்டையை வைத்துவிடுவதாக இருந்தீர்கள். அன்று விடியற்காலை பாத்தியின் முன்பக்கத்தில் நாற்பது வரிசையை வெட்டினார்கள். அந்த வண்டிகளை எடை போட்டது இந்தக் கைதான். பத்து மணிக்குக் கொடியை எடுக்க வீட்டுக்கு வந்தேன். காணோம். நாற்காலியில் மடித்துவைத்தேனா, எடைச் சாவடியில் விட்டேனா என்று இருபத்தைந்து வருஷமாக யோசிக்கிறேன். ஒத்திலியாவைக் கேட்டேன், பார்க்கவில்லை என்றாள். மைதானத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. என் சட்டையைக் கழற்றியாவது கட்டியிருக்கலாம். கட்டவில்லை. உங்கள் கெட்டுப்போன முட்டியைப் பற்றி அப்போது நான் நினைக்கவில்லை என்று சத்தியம் செய்யமாட்டேன்.

நீங்கள் அடித்த பந்து வெட்டிய இடத்தில் விழுந்தது. இந்தப் பக்கமிருந்து பார்த்தால் பின்னால் பச்சைதான் தெரியும். நடுவர் ஹோம் ரன் என்று கையைச் சுழற்றிவிட்டார். நடுக்களத்தில் நின்ற சிரிலோ பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான், "கரும்பு வெட்டியாச்சு! கரும்பு வெட்டியாச்சு!" என்று கத்திக்கொண்டே. உங்களைத் தோளில் தூக்கிவிட்டார்கள், உங்கள் காதில் விழுந்ததோ என்னவோ. அவன் நேராக என் மேஜைக்கு வந்தான்.

"எர்மோ, நீதானே எடை போட்டே? வெட்டினதா இல்லையா, நீயே சொல்லு."

நான் சொன்னேன், "கம்பத்துல கொடி இல்ல."

அவன் பந்தை என் நோட்டின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டான். அந்தப் பக்கத்தில் இன்னும் மண் கறை இருக்கிறது.

ஒத்திலியாவின் ஜெபத்துக்கு ஆறாம் நாள் சிரிலோ வந்தான். என் கையைப் பிடித்து, "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்டான். அன்று சாயந்திரமே பெட்டி கட்டினேன். நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில்.

ஜோஷ் கிப்சன் நம் தலைநகரில் வந்து ஆடினாரே, அவர் எண்ணூறு ஹோம் ரன் அடித்தார் என்கிறார்கள். ஒழுங்காக எழுதிவைக்க ஆளில்லாததால் இன்றுவரை வாய்ப்பேச்சாகவே நிற்கிறது. பேப் ரூத்துக்கும்கூட ஒரு கமிட்டி உட்கார்ந்து, 714 ஐ 715 ஆக்கலாம் என்று முடிவெடுத்து, பிறகு வேண்டாம் என்று விட்டது. ஒன்று என்பது சின்ன விஷயம் இல்லை. பத்து வருஷம் முன்னால் ஆரன் அந்த 714 ஐத் தாண்டி ரூத்தை முந்திய நாள் ஞாபகம் இருக்கிறதா? எங்கள் சமையலறையில் ரேடியோ கேட்டோம். எல்லோரும் குதித்தோம். ஒத்திலியா மட்டும் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "இது வேலிக்கு வெளியிலதானே விழுந்துச்சு?" என்று கேட்டாள். என்னைக் குத்துகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

மன்னிக்கவும்.

எர்மோஹெனெஸ்


குவாசுமால்,
16 பிப்ரவரி 1984

எர்மோ,

இரண்டு வரி கேட்டால் இரண்டு தாளுக்குப் பாவசங்கீர்த்தனம் அனுப்புகிறாய். நான் என்ன பாதிரியாரா?

கொடி இல்லை. விதி என்ன? கொடி இல்லையென்றால் கரும்பு நிற்கிறது. நடுவர் கொடுத்தார், நீ எழுதினாய், முடிந்தது. இத்தனை வருஷம் தூங்கிய மனச்சாட்சி என் பெயரைச் சுவரில் எழுதப்போகும் நேரத்தில்தான் கண் விழிக்கவேண்டுமா? பதினேழு வருஷம் வெயிலில் நின்றேன். முட்டியைக் கொடுத்தேன். வடக்கே அமெரிக்காவுக்கு ஆடப் போனவர்களுக்கு வீடும் காரும் கிடைத்தன. எனக்குக் கிடைத்தது இந்த ஒரு எண். அதையும் பிடுங்கிக்கொள்.

அந்தக் கொடியைப் பற்றி மட்டும் இனிமேல் எழுதாதே. எங்கே போனது, யார் வைத்தது என்று ஆராய்ச்சி வேண்டாம். தொலைந்தது தொலைந்ததுதான்.

சிரிலோவுக்கு நுரையீரல் கெட்டுவிட்டது. மருந்தகத்து வரிசையில் போன வாரம் எனக்கு முன்னால் நின்றான். நின்றான் என்ன, சுவரில் சாய்ந்திருந்தான். "முட்டி எப்படி இருக்கு?" என்று கேட்டான். "இருக்கு" என்றேன். சுவரைப் பற்றி அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

விழாவுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது.

அன்செல்மோ


பிராங்க்ஸ்,
1 மார்ச் 1984

அன்புள்ள மச்சான்,

உங்கள் கோபம் நியாயம். எனக்குப் பதில் கோபப்படத் தெம்பில்லை.

இதோடு இரண்டு தாள் வைத்திருக்கிறேன். ஒன்றில் இருநூற்றுப் பன்னிரண்டு, மற்றதில் இருநூற்றுப் பதினொன்று. இரண்டிலும் என் கையெழுத்து இருக்கிறது. ஒரு ஸ்கோரர் செய்யக்கூடாத காரியம் இது. இருபது வருஷத்தில் ஒரு பந்துக்கு இரண்டு எண் எழுதியதில்லை. எதைக் கொடுக்கிறீர்களோ கொடுங்கள். மற்றதைக் கிழித்துவிடுங்கள், எது என்று எனக்குச் சொல்லக்கூட வேண்டாம்.

ஒரே ஒரு விண்ணப்பம். கொடுப்பதற்கு முன்னால் சிரிலோவைப் போய்ப் பாருங்கள். மருந்தகத்து வரிசையில் இல்லை, அவன் வீட்டில். கேளுங்கள். அவன் பன்னிரண்டு என்று சொல்லிவிட்டால் நானும் ஒரு ராத்திரி நிம்மதியாகப் படுப்பேன்.

கொடியைப் பற்றி எழுதவேண்டாம் என்கிறீர்கள். எழுதவில்லை. நினைக்காதே என்று மட்டும் சொல்லாதீர்கள், அது என் கையில் இல்லை.

எர்மோஹெனெஸ்


குவாசுமால்,
27 மார்ச் 1984

மச்சான்,

சிரிலோ போய்விட்டான். தபால்காரர் உன் உறையைக் கொடுத்தபோது நான் அவன் அடக்கத்துக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன். பிரிக்காமல் பையில் வைத்துக்கொண்டே கல்லறைக்குப் போனேன். திரும்பி வந்து பிரித்தால், சிரிலோவைக் கேள் என்று எழுதியிருக்கிறாய். இனி எங்கே போய்க் கேட்பது?

ஒன்பது நாளும் அவன் வீட்டு முற்றத்தில் உட்கார்ந்தேன். தினம் மூன்று மணிக்கு ஜெபம், பிறகு இஞ்சித் தண்ணீர், பிஸ்கட், டாமினோ. யாரும் என்னை ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. அவன் பெண்டாட்டி பசிலியா எனக்கு மட்டும் முதுகு சாயும் நாற்காலி போட்டாள், முட்டிக்காக. ஆறாம் நாள் உன்னை நினைத்துக்கொண்டேன். உன் கால் ஏன் ஓடியது என்று அன்றைக்குத்தான் புரிந்தது. எனக்கும் ஓடத்தான் தோன்றியது, ஓடுகிற முட்டி இல்லை.

இப்போது சொல்வதைக் கேள். குறுக்கே பேச நீ பக்கத்தில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

கொடியை நீ நாற்காலியில்தான் மடித்து வைத்திருந்தாய். மறக்கவுமில்லை, தொலைக்கவுமில்லை. அன்று காலை நீ எடை போடப் போனபின் நான் காப்பி குடிக்க வந்தேன். வருகிற வழியிலேயே பார்த்துவிட்டேன், கரும்பின் முன்வரிசைகளைக் காணோம். முன்வரிசை நின்ற இடம்வரை என்னால் அடிக்க முடியும். தண்டவாளம்வரை அந்த முட்டியோடு சாத்தியமே இல்லை. ஒத்திலியா மடியில் எவாரிஸ்த்தோ, பிறந்து ஒரு மாசம். நான் கொடியைக் காட்டி, "இது இன்னைக்குக் கட்டியே ஆகணுமா?" என்று கேட்டேன். சத்தியமாக அவ்வளவுதான் கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள், என் முட்டியைப் பார்த்தாள். பிறகு, "பிள்ளைக்குத் துணி பத்தல" என்றாள். கத்தரிக்கோலை எடுத்து நாலாக வெட்டினாள். நான் காப்பியை மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு மைதானத்துக்குப் போனேன்.

அவ்வளவுதான் மச்சான். ஆரன் அடித்த அன்று அவள் குத்தியது உன்னை இல்லை, என்னை. அவள் இருந்தவரை, சொன்னால் உங்கள் குடும்பம் கெடும் என்று சொல்லிக்கொண்டேன். அவள் போனபின், நீயே போய்விட்டாய் என்று சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், தோளில் தூக்கிக்கொண்டு போனார்களே, அங்கிருந்து இறங்க மனசு வரவில்லை.

ஒன்பதாம் நாள் எல்லோரும் போனபின் பசிலியாவிடம் சொன்னேன். எல்லாவற்றையும். அவள் கப்புகளைக் கழுவிக்கொண்டே கேட்டாள்.

"ஒம்பது நாளும் வந்து உட்கார்ந்தியே, அது சரி" என்றாள். "ஆனா இதை எதுக்கு இப்ப எங்கிட்ட கொண்டு வர்றே அன்செல்மோ? அவரு இருக்கும்போதுல்ல கொண்டு வந்திருக்கணும்? நாலு வீடு தள்ளித்தானே இருந்தாரு."

பதினொன்று என்று நீ எழுதிய தாளை நீட்டினேன். ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள், எழுத்துக்கூட்டிப் படித்தாள். "ஆபீஸ்ல காட்டிட்டு எங்கிட்டயே கொண்டு வந்து குடு" என்றாள்.

காட்டினேன். ஃபௌஸ்த்தோ தலையைச் சொறிகிறான். "பெரியவரே, சுவத்துல எழுதியாச்சு. நேத்தே பெயிண்டர் முடிச்சிட்டாரு."

"நோட்டு இல்லாம எழுத முடியாதுன்னு சொன்னியே?"

"அமைச்சரு தேதி குடுத்துட்டாரு, என்ன பண்றது? அதுவும் கொடி இல்லேன்னா ஹோம் ரன்தானே, ரூல்புக்ல இருக்கு. விட்டுத் தள்ளுங்க. யாரு கேக்கப்போறா?"

போன மாசம் நான் உனக்கு எழுதியது அதேதான். இன்னொருவன் வாயால் கேட்கும்போது காது கூசுகிறது.

பன்னிரண்டு என்ற தாளை அடுப்பில் போட்டேன். மற்றதைப் பசிலியா அவனுடைய பழைய கையுறைக்குள் வைத்திருக்கிறாள். சுவரில் என் பெயர் மேலே, அவன் பெயர் கீழே. ரொட்டிக்கடைக்கு அந்த வழியாகத்தான் போகவேண்டியிருக்கிறது. நாளை மறுநாள் விழா. நான் போகவில்லை.

அன்செல்மோ


பிராங்க்ஸ்,
17 ஏப்ரல் 1984

அன்செல்மோ,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது நான்காவது.

இருபத்தைந்து வருஷம் உன்னை நீங்கள் என்று கூப்பிட்டேன். இனி வரவில்லை.

நீ என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, என் காப்பியைக் குடித்து, நான் கொடியைத் தொலைத்த கதையை நான் சொல்லச் சொல்லக் கேட்டிருக்கிறாய். ஒரு தடவை இல்லை. ஒவ்வொரு அறுவடைக்கும் சொல்வேன். "விடு மச்சான், காத்துல போயிருக்கும்" என்பாய். காற்றில்!

அந்த நாலு துண்டையும் நான்தான் தினம் துவைத்துக் கயிற்றில் காயப்போட்டேன். ஒன்றின் ஓரத்தில் நான் தைத்த தையல் இருந்திருக்கவேண்டும். எல்லா வீட்டிலும் மாவுப் பைதான் பிள்ளைத் துணி, எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அவளைக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவேண்டாம் என்றுதான் தோன்றாமல் இருந்ததோ என்னவோ. இனி அவளையும் கேட்க முடியாது. நாம் இரண்டு பேரும் கேட்கவேண்டியவர்களை எல்லாம் அனுப்பிவிட்டுத்தான் பேச ஆரம்பித்திருக்கிறோம்.

கோபம் இருக்கிறது. ஆனால் காலையில் எழுந்து அதைத் தேடினால் அதுவும் களைத்துப்போய்க் கிடக்கிறது. நீ கொடியைக் கேட்டாய், அவள் வெட்டினாள், நான் சட்டையைக் கழற்றவில்லை. மூன்று பேரும் சேர்ந்துதான் அந்தப் பந்தை அடித்திருக்கிறோம்.

நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திருத்தினேன். ஹோம் ரன் என்பதை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் டபுள் என்று எழுதித் தேதி போட்டேன். உன் முட்டிக்கு இரண்டாவது தளம் வரைதான் போயிருப்பாய். யாரும் பார்க்கப்போவதில்லை. நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். மைதானத்துப் பாத்தியை இன்னும் இரண்டு வாரத்தில் வெட்டுவார்கள். கம்பம் இருக்கிறதா? இருந்தால் அந்த வேலையை நீ செய்.

எர்மோ


குவாசுமால்,
6 மே 1984

மச்சான்,

நீ மச்சான் போடாமல் எழுதியிருந்தாய். நான் போடுகிறேன். பிடிக்காவிட்டால் அடித்துவிட்டுப் படி.

கம்பம் இருக்கிறது, கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. வியாழக்கிழமை கரும்பில் கத்தி வைத்தார்கள். மாவு இப்போது பிளாஸ்டிக் பையில் வருகிறது, துணி கிடைக்கவில்லை. என் பழைய ஆட்டச் சட்டையை எடுத்தேன். முதுகுப் பக்கம் இன்னும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. கத்தரிக்கோலைப் பிடித்தபோது ஒத்திலியா ஞாபகம் வந்தது. ஓரம் பிரியாமல் பசிலியா தைத்துக் கொடுத்தாள். எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

ஏணி ஏற ஒரு மணி நேரம் ஆயிற்று. சிரிக்காதே.

இப்போது அங்கே லீக் ஆட்டம் கிடையாது. வேலை முடிந்து வருகிற ஆட்கள் சாயந்திரம் ஆடுகிறார்கள், அவ்வளவுதான். விதி எதுவும் அவர்களுக்குத் தெரியாது. மட்டையோடு நின்ற ஒருவன் என்னைப் பார்த்துக் கத்தினான்:

"ஐயா, என்ன அது? எதுக்குத் துணியைக் கட்டுறீங்க?"

இறங்குவதற்கு முன்பே பதில் சொன்னேன். சிரிலோ வீடுவரை கேட்கட்டும் என்று சத்தமாகவே சொன்னேன்.

"கரும்பு வெட்டியாச்சு!"

அன்செல்மோ